கல்லூரி ஆங்கிலத் திறன் போட்டி: எட்டு வாரத்தில் எப்படித் தயாராவது?

கேள்வி சுருக்கமாக இது. கல்லூரி மாணவர்களுக்கான ஆங்கிலத் திறன் போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்று. முதல் சுற்று எழுத்துத் தேர்வு: கேட்டல், இலக்கணம், பிழை திருத்தம், கோடிட்ட இடம், வாசிப்பு, ஒரு கட்டுரை. அதில் தேறினால் இரண்டாம் சுற்றில் மேடையேறிப் பேச வேண்டும். கையில் எட்டு வாரம். இலக்கணம் ஓரளவு தெரியும், சொல்வளம் போதாது என்ற பயம், பேச எழுந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எங்கிருந்து தொடங்குவது, தனியாகப் படிப்பதா, நண்பருடன் சேர்ந்தா?

இந்த மாதிரிப் போட்டிகளுக்குப் பல வருடங்களாக மாணவர்களைத் தயார் செய்திருக்கிறேன். சிலவற்றில் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு வாரத்தில் உங்கள் ஆங்கில அறிவு பெரிதாக வளர்ந்துவிடாது. ஆனால் ஏற்கெனவே தெரிந்ததில் எவ்வளவு விடைத்தாளில் இறங்குகிறது என்பதை எட்டு வாரத்தில் நிறையவே மாற்றலாம். நான் பார்த்த மாணவர்களில் பெரும்பாலோர் மதிப்பெண் இழந்தது தெரியாத இடத்தில் இல்லை. தெரிந்த இடத்தில் தவறவிட்டார்கள், அல்லது தெரிந்ததை எழுத நேரமில்லாமல் போனது.

அதனால் புத்தகக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு பழைய வினாத்தாளைத் தேடிப் பிடியுங்கள். கிடைக்காவிட்டால் அதே அமைப்பில் உள்ள ஏதாவது ஒரு மாதிரித் தாள் போதும். ஒன்றும் படிக்காமல், கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் முழுவதையும் எழுதுங்கள். பிறகு திருத்தும்போது தவறான விடைகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: விதியோ சொல்லோ உண்மையிலேயே தெரியாததால் போனவை ஒரு குவியல்; விடையைப் பார்த்ததும் 'அடடா, இது தெரியுமே' என்று தலையில் தட்டிக்கொண்டவை இரண்டாவது; நேரமில்லாமல் விட்டவை மூன்றாவது. முதல் குவியலுக்குப் படிப்பு வேண்டும், இரண்டாவதற்குப் பயிற்சி வேண்டும், மூன்றாவதற்கு வேகமும் திட்டமும் வேண்டும். மூன்றுக்கும் ஒரே மருந்தாக இன்னொரு இலக்கணப் புத்தகத்தை வாங்குவதுதான் வழக்கமாக எல்லோரும் செய்வது.

அன்றே ஒரு பிழைக் குறிப்பேடு தொடங்குங்கள். ஒவ்வொரு தவறுக்கும் மூன்று வரி: நான் எழுதியது, சரியானது, ஏன் தவறினேன். மூன்றாவது வரியைத்தான் எல்லோரும் சோம்பலில் விட்டுவிடுவார்கள். 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். எதைக் கவனிக்கவில்லை என்று எழுதுங்கள். 'எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே நீண்ட தொடர் வந்தது, எழுவாய் ஒருமை என்பதை மறந்துவிட்டேன்' என்று எழுதினால் அடுத்த தாளில் கண் அந்த இடத்தில் நிற்கும்.

இனி சொல்வளம். இதில்தான் நேரம் அதிகம் வீணாகிறது. நான் மாணவனாக முதன்முதலில் ஒரு போட்டிக்குப் போனபோது, யாரும் பேசாத, யாரும் எழுதாத முந்நூறு அரிய சொற்களை உருப்போட்டுக்கொண்டு போனேன். அவற்றில் ஒன்றுகூடத் தாளில் வரவில்லை. கட்டுரையில் இரண்டைத் திணித்தேன், இரண்டையும் பொருத்தமில்லாத இடத்தில்.

இதில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆங்கில ஆசிரியர் மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 2,000 தலைச்சொற்கள், அதாவது அகராதியில் தலைப்பாக நிற்கும் சொற்கள், உண்டு. நியூசிலாந்து ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் கல்வித்துறை எழுத்துகளுக்கென்று தனியாக ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 570 சொற்குடும்பங்கள்; ஒரு மூலச்சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட பாடநூல், ஆய்வுக்கட்டுரைத் தொகுப்பை அலசி அவர் இதை எடுத்தார். அந்தத் தொகுப்பில் வெஸ்டின் பட்டியல் நூற்றுக்கு 76 சொற்களை அடைத்துவிடுகிறது. காக்ஸ்ஹெட்டின் 570 குடும்பங்கள் மேலும் 10ஐ அடைக்கின்றன. இன்னொரு பக்கம், சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் போட்ட கணக்குப்படி, நாவலையோ செய்தித்தாளையோ தடங்கலின்றிப் படிக்க, அதாவது நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க, 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும்.

எட்டு வாரத்தில் 9,000ஐ எட்டப் பார்ப்பது வீண். அந்த 570ஐப் பிடிக்கலாம். ஆறு வாரம் என்று வைத்தாலும் நாளொன்றுக்குப் பதினான்கு குடும்பங்களைத் தாண்டாது. அதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே அரைகுறையாகத் தெரிந்திருக்கும். போட்டித் தாள்களில் வாசிப்புப் பகுதிகள் பெரும்பாலும் இந்த வகை எழுத்திலிருந்தே எடுக்கப்படுகின்றன என்பதால் உழைப்புக்கு உடனே பலன் தெரியும்.

ஆனால் சொல்லுக்கு நேராகத் தமிழ்ப் பொருள் எழுதி மனப்பாடம் செய்வதை விட்டுவிடுங்கள். தேர்வு கேட்பது பொருளை மட்டும் இல்லை, அந்தச் சொல் யாரோடு சேரும் என்பதையும்தான். தமிழில் நாம் பொய் சொல்கிறோம், சத்தியம் செய்கிறோம்; சத்தியம் சொல்வதில்லை. குடை பிடிக்கிறோம், குடை தூக்குவதில்லை. ஏன் என்று கேட்டால் நமக்கே விளக்கத் தெரியாது, மாற்றிச் சொன்னால் மட்டும் காது உறுத்தும். ஆங்கிலத்திலும் அப்படியே. முடிவெடுப்பது 'மேக் எ டிசிஷன்', ஆய்வு செய்வது 'டூ ரிசர்ச்', அடைமழை 'ஹெவி ரெயின்'. 'ஸ்ட்ராங் ரெயின்' கிடையாது. ஆகவே சொல் படிக்கச் சிறு அட்டைகள் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அட்டையில் ஒற்றைச் சொல்லை எழுதாதீர்கள். நீங்கள் படித்த ஒரு முழு வாக்கியத்தை எழுதி, அந்தச் சொல்லின் இடத்தைக் காலியாக விடுங்கள். பின்பக்கம் விடை. கோடிட்ட இடம் நிரப்பும் பகுதிக்கும் இதிலேயே பயிற்சி ஆகிவிடும்.

ஒரே குடும்பத்துக்குள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் சொற்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இவை அல்வா. 'எகனாமிக்' என்றால் பொருளாதாரம் சார்ந்த, 'எகனாமிக்கல்' என்றால் சிக்கனமான. 'சென்சிபிள்' விவேகமுள்ளவர், 'சென்சிடிவ்' சட்டென்று மனம் நோகிறவர். 'ஹிஸ்டாரிக்' வரலாற்றில் நிற்கக்கூடியது, 'ஹிஸ்டாரிக்கல்' வரலாறு தொடர்பானது.

அட்டைகளைத் திருப்பும் முறையும் முக்கியம். ஜெர்மனியின் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பிரபலமாக்கிய பெட்டி முறை இன்றும் நன்றாக வேலை செய்கிறது. ஐந்து அறைகள், சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும், பின் அறைகளை நாள் தள்ளித் தள்ளிப் பார்த்தால் போதும். இப்போது இதையே செய்யும் செயலிகள் இருக்கின்றன. எதுவானாலும் விடையைப் பார்க்கும் முன் நினைவிலிருந்து இழுத்தெடுக்க வேண்டும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் செய்த ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, நடுவில் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். திரும்பப் படிக்கும்போது 'எல்லாம் தெரிகிறது' என்று தோன்றுவது இதனால்தான் ஏமாற்று வேலை.

இலக்கணத்துக்கு வருவோம். இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை திரும்பப் படிக்க வேண்டாம். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் வழுக்கும் இடங்கள் எண்ணிச் சொல்லக்கூடியவை.

முதலில் 'எ', 'ஆன்', 'தி'. தமிழில் இவற்றுக்கு நேரான சொல் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை யோசியுங்கள். முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் நமக்குள் ஏற்கெனவே பேச்சிலிருந்த அந்தப் புத்தகம். அஃறிணைப் பொருள் செயப்படுபொருளாக வரும்போது 'ஐ' உருபு செய்கிற வேலையும் ஆங்கிலத்தில் 'தி' செய்கிற வேலையும் ஏறக்குறைய ஒன்று. எனவே ஒரு வாக்கியத்தில் 'தி' வருமா வராதா என்று தடுமாறினால் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ஐ' தானாக வந்து ஒட்டினால் 'தி' போடுங்கள். ஆட்களைக் குறிக்கும் சொற்களில் இது பலிக்காது, ஏனென்றால் அங்கே 'ஐ' எப்போதுமே வரும். எழுவாயிலும் பலிக்காது. இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதற்கு இது எவ்வளவோ மேல். இந்த ஒரு உத்தியைச் சொல்லிக்கொடுத்த பிறகு பிழை திருத்தப் பகுதியில் மதிப்பெண் ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, காலம். 'நேற்று வந்திருக்கிறார்' என்பது தமிழில் குறையில்லாத வாக்கியம். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் 'ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே' என்றாகி அடி வாங்கும். நேற்று, போன வாரம், 2019இல் என்று முடிந்துபோன நேரத்தைச் சுட்டும் சொல் இருந்தால் ஆங்கிலத்தில் 'ஹேஸ்', 'ஹேவ்' வராது, வெறும் இறந்தகாலம்தான். அதேபோல 'வைத்திருக்கிறேன்' என்ற நினைப்பில் எழுதும் 'ஐ ஆம் ஹேவிங் எ டவுட்'. உடைமை, அறிவு, விருப்பம் இவற்றைச் சொல்லும் வினைகள் 'இங்' ஏற்பதில்லை.

மூன்றாவது கொஞ்சம் வேடிக்கையானது. 'அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை' என்பதை நம்மவர்கள் 'ஐ டோன்ட் நோ வேர் ஈஸ் ஹி' என்று எழுதுகிறார்கள். 'வேர் ஹி ஈஸ்' என்பதே சரி. இந்தத் தவற்றுக்குத் தமிழைக் குறை சொல்ல முடியாது. தமிழில் 'அவர்' முன்னால் வந்து 'இருக்கிறார்' கடைசியில்தான் நிற்கிறது. கேள்வி என்றாலே வினையை முன்னால் தள்ள வேண்டும் என்று பள்ளியில் கற்றதை வேண்டாத இடத்திலும் பிரயோகித்துவிடுகிறோம். இங்கே தமிழ் வரிசையை நம்பினாலே போதும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 'டிஸ்கஸ்' என்றால் பேசி விவாதிப்பது. அதற்குப் பின் 'அபவுட்' வேண்டாம். 'ரிட்டர்ன்' என்பதிலேயே திரும்புதல் இருக்கிறது, 'பேக்' மிகை. 'கோப் வித்' மட்டும்தான், நடுவில் 'அப்' கிடையாது. 'ஒன் ஆஃப் மை' என்று தொடங்கினால் அடுத்து வருவது பன்மை, ஆனால் வினை ஒருமை. 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'எக்விப்மென்ட்' ஆகியவற்றுக்குப் பின்னால் 'எஸ்' ஒட்டாது. 'மரங்கள் நிற்கிறது' என்று பேச்சில் கூசாமல் சொல்லிப் பழகியவர்கள் நாம். அதனால் எழுவாய் வினை ஒருமை பன்மை விஷயத்தில் இரண்டாம் பார்வை கட்டாயம். பிழை திருத்தப் பகுதியில் ஒவ்வொரு வாக்கியத்தையும் முழுதாக வாசித்து 'எங்கோ இடிக்கிறதே' என்று காத்திருக்காதீர்கள். எண், காலம், 'எ-தி', முன்னிடைச்சொல் ('இன்', 'ஆன்', 'அட்' போன்றவை) என்ற வரிசையில் வேட்டையாடுங்கள். எழுத்துக்கூட்டலுக்கு உங்கள் சொந்தப் பட்டியல் போதும். என்னுடையதில் வெகுநாள் இருந்தது 'அகாமடேஷன்': இரண்டு சி, இரண்டு எம்.

கேட்டல் பகுதியைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை, ஆனால் அங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். காரணம் எளிது. எழுத்தில் பார்த்தால் தெரியும் சொல் காதில் விழும்போது அடையாளம் தெரிவதில்லை. ஒருவர் தமிழைப் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டு வருகிறார் என்று வையுங்கள். 'வந்துகொண்டிருக்கிறேன்' அவருக்குத் தெரியும். நீங்கள் தொலைபேசியில் 'வந்துட்ருக்கேன்' என்கிறீர்கள். திகைத்துப்போய் நிற்பார். ஆங்கிலக் கேட்டல் பகுதியில் நம் நிலை அதுவே. நாம் ஒவ்வோர் அசையையும் ஏறக்குறைய முழுசாக ஒலித்துப் பழகியவர்கள். ஆங்கிலம் முக்கியமான சொல்லின் ஓர் அசையை மட்டும் அழுத்தி, மற்றவற்றை விழுங்கிவிட்டுப் போகும். 'டு', 'ஆஃப்', 'ஃபார்', 'அண்ட்' போன்ற சிறு சொற்கள் அரை மூச்சில் கரைந்துவிடும்.

இதற்கு நான் நம்பும் ஒரே பயிற்சி பழங்கால டிக்டேஷன். எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும் ஒலிப்பதிவில் ஒரு நிமிடத்தை மட்டும் எடுங்கள். ஒரு முறை சும்மா கேளுங்கள். பிறகு நிறுத்தி நிறுத்தி, சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். மூன்று முறைக்கு மேல் திருப்பாதீர்கள். எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, விட்ட சொற்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். முதல் வாரம் தாளே சிவப்பாகிவிடும். வட்டமிட்டவற்றில் பெரும்பாலானவை உங்களுக்கு ஆறாம் வகுப்பிலேயே தெரிந்த சொற்களாக இருக்கும். அதுதான் பயிற்சியின் பயன். ஒப்பிட்ட பிறகு அதே ஒரு நிமிடத்தைப் பேசுபவரோடு ஒட்டியே, அவர் இழுப்பையும் விழுங்கலையும் அப்படியே பின்பற்றி, ஐந்தாறு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். இது கேட்டலுக்கும் ஆகும், இரண்டாம் சுற்றுப் பேச்சுக்கும் ஆகும். தினம் இருபது நிமிடம் போதும். துணைவரிகளோடு படம் பார்ப்பதைக் கேட்டல் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். கண் படித்துவிடுவதால் காது தூங்கிவிடும்.

இரண்டு இடங்களைச் சிறப்பாகக் கவனியுங்கள். 'கேன்' என்பதா 'கான்ட்' என்பதா என்பதைக் கடைசி 'ட்' ஒலியை வைத்துத் தேடாதீர்கள், அது அடிக்கடி காதில் விழாமலே போகும். அந்தச் சொல் சுருங்கி 'கன்' என்று ஓடினால் முடியும் என்று பொருள். உயிரொலி முழுசாக, அழுத்தமாக வந்தால் முடியாது என்று பொருள். 13, 30 போன்ற எண்களில் அழுத்தம் பின்னால் விழுந்தால் பதின்மூன்று, முன்னால் விழுந்தால் முப்பது. நான்கு விடைகளில், ஒலிப்பதிவில் கேட்ட சொல் அப்படியே இருக்கும் விடையைச் சந்தேகியுங்கள். சரியான விடை பெரும்பாலும் அதே கருத்தை வேறு சொல்லில் சொல்லும். பேசுபவர் செவ்வாய் என்று தொடங்கி 'இல்லை இல்லை, புதன்' என்று திருத்திக்கொள்வது பழைய பொறி, இன்னும் பலர் விழுகிறார்கள்.

வாசிப்புப் பகுதியில் உங்கள் மூன்றாவது குவியல் பெரிதாக இருந்தால் வேகத்தை அளந்து பாருங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்களே கதையல்லாத எழுத்தை மனத்துக்குள் நிமிடத்துக்குச் சராசரியாக 240 சொல் அளவில்தான் படிக்கிறார்கள். ஆகவே ஆயிரம் சொல் வேகவாசிப்பு விளம்பரங்களை நம்ப வேண்டாம். நீங்கள் 120இல் இருந்தால் 160க்கு வருவது நடக்கக்கூடிய இலக்கு. சற்று எளிதான எழுத்தை நிறையப் படித்தால் வேகம் வரும், கடினமானதை முக்கி முக்கிப் படித்தால் வராது. கேள்விகளை முதலில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பத்திக்குள் போவது என் வழக்கம். விடைத் தெரிவுகளை மட்டும் அப்போது படிக்காதீர்கள், நான்கில் மூன்று பொய். 'பத்தியில் சொல்லப்படவில்லை' என்ற விடை இருக்கும் கேள்விகளில் உங்கள் பொது அறிவை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள். உலகத்துக்கே தெரிந்த உண்மையானாலும் பத்தியில் இல்லையென்றால் இல்லை.

கோடிட்ட இடம் நிரப்பும் முறையை அமெரிக்க ஆய்வாளர் வில்சன் டெய்லர் 1953இல் கொண்டுவந்தபோது அது மாணவரைச் சோதிக்கும் கருவியாகவே இருக்கவில்லை. ஒரு எழுத்து எவ்வளவு எளிதாக வாசிக்க முடிகிறது என்பதை அளக்கத்தான். உடைந்த உருவத்தை மனம் தானே பூர்த்திசெய்து பார்க்கிறது என்ற உளவியல் கருத்திலிருந்து பிறந்தது அது. அந்தப் பிறவிக்குணம் இன்றும் விடை சொல்லிக்கொடுக்கும். முதலில் எதையும் நிரப்பாமல் முழுப் பத்தியையும் வாசித்து மொத்த உருவத்தைப் பிடியுங்கள். பிறகு கோட்டுக்கு முன்னால் உள்ளதைவிடப் பின்னால் உள்ளதைக் கவனியுங்கள். பின்னால் நிற்கும் ஒரு சிறு முன்னிடைச்சொல் நான்கில் இரண்டு விடைகளைத் துரத்திவிடும்.

கட்டுரையைப் பற்றி நடுவர் நாற்காலியிலிருந்து சொல்கிறேன். ஒரே தலைப்பில் அறுபது எழுபது தாள்களைத் தொடர்ந்து படிக்க வேண்டியிருக்கும். அவற்றில் பாதி 'இன் திஸ் மாடர்ன் வேர்ல்ட்' என்று தொடங்கும். அந்த வரியைப் பார்த்ததும் நடுவரின் கண் அடுத்த பத்திக்குத் தாவிவிடும். எழுதியவர் யோசிப்பதற்கு முன்பே எழுதத் தொடங்கிவிட்டார் என்று அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. அரை மணி நேரம் கொடுத்தால் ஐந்து நிமிடம் திட்டத்துக்கு, இருபது எழுத, ஐந்து திருத்த என்று பிரியுங்கள். அந்தத் திட்டமிடும் ஐந்து நிமிடத்தில் உங்கள் கருத்து என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத முடியவில்லையென்றால் இன்னும் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், பேனாவை எடுக்காதீர்கள். பொதுவான மூன்று காரணங்களைவிட நீங்களே கண்ட ஒரு நிகழ்ச்சி கூடுதல் எடை பெறும்.

நடையைத் திருத்திக்கொள்ள பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறு வயதில் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட ஒரு முறை உண்டு. பிடித்த கட்டுரை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிக்கொள்வார். சில நாள் அதைத் தள்ளி வைப்பார். பிறகு மூலத்தைப் பார்க்காமல், குறிப்புகளை மட்டும் வைத்துத் தன் சொற்களில் முழுக் கட்டுரையையும் எழுதுவார். கடைசியில் மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் குறைகளைத் திருத்துவார். வாரம் ஒரு முறை ஒரு நல்ல தலையங்கத்தை வைத்து இதைச் செய்யுங்கள். எந்த இலக்கணப் புத்தகமும் சொல்லாத விஷயங்கள், ஒரு வாக்கியத்தை எங்கே முறிப்பது, ஒரு பத்தியிலிருந்து அடுத்ததற்கு எப்படித் தாண்டுவது என்பதெல்லாம், அந்த ஒப்பீட்டில் கண்ணில் படும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கட்டுரையைக் கொடுத்துத் திருத்தி வாங்கலாமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் திருத்திய தாளைப் படித்துத் தலையாட்டிவிட்டு மூடினால் ஒன்றும் ஒட்டாது. 'பிழை உள்ள வரிகளை மட்டும் சுட்டு, திருத்தாதே' என்று கேளுங்கள். திருத்தம் உங்கள் கையால் நடக்கட்டும். போட்டி கையால் எழுதுவது என்றால் பயிற்சியும் கையால்தான். உங்கள் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் என்று இப்போதே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். தேர்வறையில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

மேடைப் பேச்சு. ஒரு போட்டியில் நான் நடுவராக இருந்தபோது ஒரு மாணவர் அருவி மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார். அரங்கின் கதவு யாரோ திறந்ததில் 'படார்' என்று மூடியது. அவ்வளவுதான். அடுத்த வாக்கியம் வரவில்லை. மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினார், அதே இடத்தில் மறுபடி நின்றார். உண்மையில் அவர் ஆங்கிலத்தில் குறையே இல்லை. அதன்பின் நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு அழகாகப் பதில் சொன்னார். சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்த பேச்சு ஒரு கண்ணி அறுந்தால் முழுதும் அறுந்துவிடும். முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் உள்ளதற்குக் கருத்துகளின் வரிசை தெரிந்தால் போதும், வாக்கியம் ஒவ்வொரு முறையும் வேறாக வரட்டும். மூன்று நிமிடப் பேச்சு என்றால் நிதானமான வேகத்தில் 400 சொல்லைத் தாண்டாது. ஐந்நூறு எழுதிக்கொண்டு போய் ஓடாதீர்கள்.

நாக்கு ஒட்டிக்கொள்வதற்கு நல்ல மருந்து 4-3-2 என்று ஆங்கில ஆசிரியர்கள் சொல்லும் பயிற்சி. ஒரு தலைப்பில் நான்கு நிமிடம் பேசுங்கள். அதே விஷயத்தை வேறொருவரிடம் மூன்று நிமிடத்தில். பிறகு இன்னொருவரிடம் இரண்டு நிமிடத்தில். மூன்றாவது முறை என்ன சொல்வது என்ற தேடல் இல்லை, எப்படிச் சொல்வது என்பதும் பழகிவிட்டது. தயக்கம் குறைந்து வேகம் தானாக வருவதைக் காண்பீர்கள். கேட்க ஆள் இல்லாவிட்டால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பதிவைக் கேட்பது முதல் இரண்டு நாள் சித்திரவதைதான். அப்புறம் பழகிவிடும். உடனடித் தலைப்பில் பேச ஒரு நிமிடம் கொடுத்தால் வாக்கியம் எழுதாதீர்கள். நிலைப்பாடு ஒரு சொல், காரணம் ஒரு சொல், உதாரணம் ஒரு சொல், முடிக்கும் வரி ஒன்று.

உச்சரிப்பில் வெளிநாட்டார் மாதிரி பேச முயல வேண்டாம். அது யாரையும் ஏமாற்றாது, உங்கள் கவனத்தையும் தின்றுவிடும். புரியும்படி இருப்பதற்கு மூன்று விஷயம் போதும். அழுத்தம் சரியான அசையில் விழ வேண்டும்: 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையில், 'ஃபோட்டோகிராஃபர்' இரண்டாவதில், 'ஃபோட்டோகிராஃபிக்' மூன்றாவதில். சொல்லின் கடைசியில் நம்மையறியாமல் ஒட்டும் உகரத்தை வெட்ட வேண்டும்; 'புக்கு', 'பேக்கு', 'ஹெல்ப்பு' எல்லாம் மேடையில் நன்றாகக் கேட்கும். மூன்றாவது, நம் வகரம் ஆங்கிலத்தில் இரண்டு வெவ்வேறு ஒலிகள். உள்ளாடையும் மேற்குத் திசையும் நம் எழுத்தில் ஒரே 'வெஸ்ட்'. உள்ளாடைக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், மேற்குக்கு உதடு குவிய வேண்டும், பல் படக் கூடாது. கண்ணாடி முன் ஒரு வாரம்.

கால அட்டவணை கேட்பீர்கள். தினம் ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால் அட்டைகளுக்கு இருபது நிமிடம், டிக்டேஷனுக்கு இருபது, மிச்சம் அன்றைய பலவீனத்துக்கு. ஐந்தாம் வாரத்திலிருந்து வாரம் ஒரு முழுத் தாள், போட்டி நடக்கும் அதே நேரத்தில். கடைசி வாரம் புதிதாக எதையும் தொடாதீர்கள், பிழைக் குறிப்பேட்டை மட்டும் புரட்டுங்கள். விதிமுறையில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பு உண்டா என்று பாருங்கள். கழிப்பே இல்லையென்றால் எந்தக் கேள்வியையும் காலியாக விட்டு வராதீர்கள். நான்கு தெரிவுகள், சரிக்கு ஒன்று, தவறுக்குக் கால் என்றால் ஒரு தெரிவையாவது நீக்க முடிகிற கேள்வியில் துணிந்து குறிப்பது லாபமே.

தனியாகவா, நண்பருடனா என்று கேட்டிருந்தீர்கள். அட்டை, டிக்டேஷன், முழுத் தாள் இவை தனியாக. பேச்சும் கட்டுரைத் திருத்தமும் இன்னொருவருடன், வாரம் இரண்டு நாள். உங்களைவிடக் கொஞ்சம் தேர்ந்தவராக இருந்தால் நல்லது, அதே அளவு என்றாலும் பழுதில்லை. அடுத்தவர் தாளில் பிழை கண்டுபிடிப்பது நம் தாளில் கண்டுபிடிப்பதைவிட எப்போதும் சுலபம். சேர்ந்து உட்கார்ந்து இலக்கணப் புத்தகம் படிப்பது மட்டும் வேண்டாம், அரட்டையில்தான் முடியும்.

இந்த வாரத்துக்குள் முதல் தாளை எழுதிவிட்டு, மூன்று குவியலில் எதில் எத்தனை விழுந்தது என்று சொல்லுங்கள். இரண்டாவது குவியல்தான் பெரிது என்றால், புதுப் புத்தகம் எதுவும் வாங்கச் சொல்லப் போவதில்லை.